ஹைபிரிட் டீ ரோஜா: கத்தரியை எடுக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

அக்டோபரில் கவாத்து செய்ய வேண்டும் என்று எங்கோ படித்ததை நம்பி, தீபாவளிக்கு முந்தைய வாரம் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. வெட்டிய நுனி முதலில் பழுப்பாகிறது, பிறகு கறுக்கிறது. அந்தக் கறுப்பு கணுக் கணுவாகக் கீழிறங்கி ஒட்டுப் பகுதியை (காட்டு ரோஜாவின் தாய்வேரோடு நல்ல ரகத்தைச் சேர்த்துக் கட்டிய இடம்) தொட்டதும் செடி போயிற்று. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார், மண் சரியில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரம் காரணம் தேதிதான்.

ஹைபிரிட் டீ என்றால் நீளக் காம்பின் நுனியில் ஒற்றையாக, கூம்பு மொட்டிலிருந்து மெல்ல விரியும் பெரிய பூ. நம் ஊர் நர்சரிகளில் ‘ஒட்டு ரோஜா’, ‘பெங்களூர் ரோஸ்’ என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள். 1867இல் பிரான்சின் லியோன் நகரில் கியோ வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ ரகத்தை இந்த வகையின் முதல் ரோஜா என்று சொல்வது வழக்கம். சீனத்திலிருந்து போன டீ ரோஜாவின் ஓயாமல் பூக்கும் குணமும், ஐரோப்பிய ரோஜாவின் உடல்வலுவும் இதில் சேர்ந்தன. கத்தரி பிடிப்பவருக்கு இந்த வம்சக் கதையிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: இந்தச் செடி புதுத்தளிரின் நுனியில் பூக்கும். தளிர் எவ்வளவு பருமனோ அந்த அளவுக்குத்தான் பூ. பென்சில் பருமன் குச்சியிலிருந்து கிளம்பும் தளிர் கையகலப் பூ தரும். ஈர்க்குச்சி பருமனில் கிளம்பினால் பொத்தான் அளவுப் பூதான், அதுவும் தலை தொங்கி.

அதற்காக அடியோடு வெட்டினால் தளிர் பருமனாக வரும் என்று நினைப்பது குளிர்நாட்டுப் புத்தகங்களின் பாதிப்பு. அங்கே செடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்துவைத்துக்கொள்ளும். மேல்கிளைகள் உறைபனியில் எப்படியும் கருகும் என்பதால் மூன்று கண் (தளிர் கிளம்பும் புடைப்பு) விட்டு வெட்டினாலும் நஷ்டமில்லை. சென்னையிலும் மதுரையிலும் செடி தூங்குவதே இல்லை. அது வரவுக்கும் செலவுக்குமாக, பச்சைத் தண்டிலும் இலையிலும் அன்றாடம் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம். முக்கால்வாசியை வெட்டி எறிந்தால் பட்டினிதான்.

ஓசூர் பசுமைக்குடில்களில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே இளஞ்செடியின் முதல் தளிர்களை வெட்டுவதில்லை. நடைபாதைப் பக்கமாக மடித்து வளைத்துவிடுகிறார்கள். வளைந்த கிளை பூவுக்கு ஆகாது, ஆனால் அதன் இலைகள் தொடர்ந்து உணவு செய்துகொண்டே இருக்கும். அந்த உணவில், அடியிலிருந்து விரல் பருமனில் தளிர் நேராக எழும். விற்பனைக்குப் போவது அதில் வரும் பூதான். வீட்டிலும் இதைச் செய்யலாம். மெலிந்த, ஆனால் இலை நிறைந்த கிளை வெளிப்பக்கம் இருந்தால் வெட்ட வேண்டாம். அடியிலிருந்து ஒரு சாண் விட்டு மெதுவாக வளைத்து, தொட்டி விளிம்போடு சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். வளையும்போது ‘சடக்’ என்று பாதி முறிந்தாலும் பரவாயில்லை, பட்டை அறுந்துவிடாமல் இருந்தால் போதும்.

செடி வாங்கும்போது

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். நான்கு பூ விரிந்த செடி, இருந்த சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு நிற்கிற செடி. தண்டைப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே முண்டு போலத் தெரிவதுதான் ஒட்டுப் பகுதி. அதற்கு மேலிருந்து பென்சில் பருமனில் குறைந்தது இரண்டு கிளை, முடிந்தால் மூன்று, வெவ்வேறு திசையில் போக வேண்டும். ஒற்றைக் குச்சியாக ஓங்கி மேலே போய்க் கவைத்திருப்பதை விட்டுவிடுங்கள். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு இடுப்பு விழுந்திருக்கும். நாடாவை அறுத்து எடுத்தாலும் காற்றில் அந்த இடத்தில் முறியும். ஒட்டுக்கு மேல் வெட்டப்பட்ட தாய்க்குச்சியின் துண்டு கறுத்துப்போய், அந்தக் கறுப்பு ஒட்டுக்குள் இறங்கியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் மெல்லிய ஒட்டடையும் மணல் தூவினாற்போலப் புள்ளியும் இருந்தால் செஞ்சிலந்தி. தண்டில் அரக்கு நிறத்தில் அல்லது வெள்ளையாகச் செதில் ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. இரண்டையும் காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டியதில்லை.

வாங்குகிற மாதமும் முக்கியம். மழை விட்ட டிசம்பரிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை நல்ல காலம். ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிரில் வளர்ந்த செடியை ஏப்ரலில் திருச்சி மொட்டைமாடியில் கொண்டுவந்து வைத்தால், அது பிழைப்பதே பெரிது.

பல செடிகள் பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு கறுப்புப் பையில் வரும். தொலைவிலிருந்து லாரியில் வரும்போது ஈரம் காயாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு. அதை அப்படியே புதைத்தால் சுற்றிலும் எவ்வளவு நல்ல மண் போட்டாலும் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது. உருண்டை ஒரு முறை காய்ந்து இறுகிவிட்டால், ஊற்றும் தண்ணீர் அதன் ஓரமாக வழிந்து தொட்டி அடியில் போய்விடும். மேல்மண் ஈரமாக, செடி வாடிப்போய் நிற்கும். வந்த செடியை மூன்று நாலு நாள் நிழலில் வைத்துத் தெளியவிட்டு, பிறகு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, வெளிக் களிமண்ணில் பாதியை மட்டும் விரலால் கரைத்துவிடுங்கள். முழுவதும் கழுவினால் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும்.

எந்த ரகம்

சமவெளியில் இதழ் எண்ணிக்கையைக் கவனித்து எடுக்க வேண்டும். இருபது இதழ் உள்ள பூ மார்ச் வெயிலில் காலையில் மொட்டு, மாலையில் தட்டு. அறுபது இதழ் உள்ளது மழையில் வெளியிதழ் ஒட்டிக்கொண்டு விரியாமலே அழுகும். முப்பதிலிருந்து நாற்பது இதழ் வரை இருப்பவை நமக்கு ஏற்றவை.

‘டபுள் டிலைட்’ 1977இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வெண்ணெய் நிறப் பூ, விளிம்பில் சிவப்பு, நல்ல மணம். அந்தச் சிவப்பு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு ஏறுவது. நிழலில் வைத்துவிட்டு ‘சிவப்பே வரவில்லை’ என்று வருந்தக் கூடாது. சாம்பல் நோய் இதற்குக் கொஞ்சம் எளிதில் வரும். ‘மிஸ்டர் லிங்கன்’ 1964இல் வந்தது. கருஞ்சிவப்பு, மூக்கைத் துளைக்கும் வாசனை. ஆனால் ஆளுயரம் போகும், தொட்டிக்குச் சுமாராகத்தான் பொருந்தும். கருஞ்சிவப்பு ரகங்களுக்கெல்லாம் மே மாதம் இதழ் ஓரம் தீய்ந்து கறுக்கும். அது நோயில்லை, வெயில். ‘புளூ மூன்’ போன்ற ஊதா ரகங்கள் பிற்பகல் வெயிலில் வெளுத்துப்போகும், கிழக்குப் பார்த்த இடம் கொடுங்கள்.

மஞ்சள் ரகம் பிடித்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1900இல் லியோனில் பெர்னே துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவின் வழியாகப் பிறந்த ‘சோலெய் தோர்’ ரகத்தை வெளியிட்டார். ஹைபிரிட் டீக்குள் ஆழ்ந்த மஞ்சளும் ஆரஞ்சும் வந்தது அந்த வழியில்தான். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இளகிய உடம்பும் சேர்ந்தே வந்தது. அதனால் மஞ்சள் செடியை வெட்டும்போது சிவப்புச் செடியைவிடக் குறைவாக வெட்டுங்கள். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிகிற தறுவாயில் பெயர் சூட்டப்பட்ட புகழ்பெற்ற ‘பீஸ்’ ரகமும் ஆழமான கவாத்தை விரும்புவதில்லை. நுனிப் பகுதியில் கால்வாசி எடுத்தால் போதும்.

இந்திய ரகங்களை நாம் போதுமான அளவு தேடுவதில்லை என்பது என் குறை. கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி. பால், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆகியோர் நம் வெயிலிலேயே வளர்த்துத் தேர்ந்தவை பல உண்டு. ‘மிருணாளினி’, ‘ரக்தகந்தா’ இரண்டும் அந்த நிறுவனத்து ரகங்கள். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் ஒரு படி மேலே போய், மணிப்பூர், பர்மா மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், வெப்பமும் நீர்தேக்கமும் தாங்கும் ரோசா கிளைனோஃபில்லாவையும் கலந்து வெப்பநாட்டு ரோஜாக்களை உருவாக்கினார். கிடைத்தால் விடாதீர்கள். இன்னொரு பக்கம், ஓசூரின் ‘தாஜ்மஹால்’ போன்ற பூங்கொத்து ரகங்கள் ‘டச் ரோஸ்’ என்று தொட்டியில் விற்பனைக்கு வருகின்றன. அவை குடிலுக்குள் வளரத் தேர்ந்தவை. வெளியே பூ சிறுக்கும், மணமும் பெரிதாக இருக்காது.

நடுவதில் மூன்றே விஷயம்

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 14 இருந்தால் நிம்மதி. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ கழுவிய தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. இதோடு வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, எலும்புத் தூள் ஒரு கைப்பிடி. தரையில் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, செடிக்குச் செடி இரண்டரை அடி. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். குளிர்நாட்டில் பனிக்குப் பயந்து புதைப்பார்கள். இங்கே புதைத்தால் மழையில் அழுகும். ஆறு மணி நேர வெயில், அதில் காலை வெயில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எப்போது வெட்டுவது

சமவெளியில் கவாத்து செய்த நாளிலிருந்து முதல் பூ விரிய ஏறக்குறைய 45 நாள். குளிர் கூடினால் 50, வெயில் கூடினால் 40. ஆகவே பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசி. காதலர் தினச் சந்தைக்காக ஓசூர்க்காரர்கள் டிசம்பரிலேயே கத்தரி எடுப்பது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் கணக்கோடு மழைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். வெட்டியபின் குறைந்தது ஐந்து நாள் வறண்ட வானிலை தேவை. அதற்குள் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு போனால் புயல் பயம் குறைவு. பொங்கல் பூ போகட்டும், செடி பிழைக்கட்டும். கோவை, திருச்சி, மதுரைப் பக்கம் நவம்பர் கடைசியிலேயே இடைவெளி கிடைக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேறு கணக்கு. அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு. அதற்கு முன் வெட்டினால் துளிர்த்த இளந்தளிரைப் பனி கருக்கிவிடும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வெட்டி, இரண்டரை மூன்று மாதம் பொறுத்தால் ஏப்ரல் கடைசியிலிருந்து பூக்கும். 1995இல் நூறாவது மலர்க்காட்சியை ஒட்டித் தொடங்கிய ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா கோடை சீசனில் குலுங்குவதற்குக் காரணம் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் கவாத்துதான்.

சமவெளியில் ஜூலை கடைசியில் இன்னொரு கவாத்து உண்டு. அது வெறும் ஒதுக்கல். கோடையில் களைத்த நுனிகளை ஒரு சாண் குறைத்து, காய்ந்ததை எடுத்தால் போதும்.

கவாத்துக்கு முன் வேரைத் திறந்து வெயில் காட்டி, ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. செடியைச் செயற்கையாகத் தூங்கவைக்கும் வேலை இது. கனமான கரிசலில், தரைச்செடியில் ஓரளவு பலிக்கும். தொட்டியில் செய்தால் தூக்கம் மீளாத் தூக்கமாகிவிடும். ஒரு வாரம் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் போதுமானது.

ஒரு செடியை வெட்டிப் பார்ப்போம்

மூன்று வயதுத் தொட்டிச் செடி, மூன்றரை அடி உயரம், ஏழெட்டுக் கிளை. கத்தரி, இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கிற வகையாக இருக்கட்டும். தட்டையான மேடையில் அலகு வந்து விழும் வகை தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் கறுப்பு தொடங்கும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் அலகை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

உயரத்தைக் குறைப்பது கடைசி வேலை. முதலில் ஒட்டுக்குக் கீழிருந்து, அல்லது மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியிருக்கும் தளிரைத் தேடுங்கள். அது தாய்வேரின் காட்டுத் தளிர். வெளிர்பச்சையாக, வேறுமாதிரி முள்ளோடு, சாட்டை போல நீண்டிருக்கும். ‘ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத் தளிர், ஐந்து இருந்தால் நல்லது’ என்ற சூத்திரத்தை நம்ப வேண்டாம்; ஹைபிரிட் டீயிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் அடையாளம். மண்ணை விலக்கி, அது வேரோடு சேரும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்தெடுங்கள். கத்தரியால் நறுக்கினால் அடியில் இருக்கும் கண்கள் நான்காகத் திரும்பி வரும். ‘பெரிய சிவப்பு ரோஜா வைத்தேன், இரண்டு வருஷத்தில் சின்னப் பூவாக மாறிவிட்டது’ என்பவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். பூ மாறவில்லை, காட்டுத் தளிர் ஒட்டுக்கிளையை அமுக்கிக் கொன்றுவிட்டது.

அடுத்து காய்ந்தவை, கறுத்தவை, பென்சிலில் பாதிகூடப் பருமன் இல்லாதவை. பிறகு செடியின் நடுவை நோக்கி வளர்பவை. ஒன்றையொன்று உரசும் இரண்டில் மெலிந்தது. இதற்குள் ஏழெட்டு கிளை நாலாகியிருக்கும். அதில் பட்டை சாம்பல் நிறமாகி, வெடித்து, போன வருஷம் தளிரே விடாத வயதான கிளை ஒன்று இருந்தால், அதை ஒட்டுப் பகுதிக்கு மேலே நெருக்கமாக அறுத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அடியிலிருந்து புதுக்கிளை வர இடம் அதனால்தான் கிடைக்கும்.

இப்போது உயரம். சமவெளியில் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, வலுவான செடிக்குப் பாதி எடுத்தால் போதும். தொட்டிச் செடி ஒன்றரை அடிக்கும் தரைச்செடி இரண்டடிக்கும் குறையாமல் நிற்கட்டும். ஒவ்வொரு கிளையிலும் நாலிலிருந்து ஆறு கண். மலையில் இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம், ஓரடி வரை. ஒரு வயதுகூட ஆகாத செடிக்கு உயரக் கவாத்தே கூடாது, காய்ந்ததை எடுத்தால் சரி.

வெட்டும் இடம்: வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே. கண் என்பது இலைக்காம்பு உதிர்ந்த வடுவுக்கு நேர் மேலே சிவப்பாகப் புடைத்திருக்கும் அரிசி அளவுப் புள்ளி. அதற்கு ரொம்ப அருகில் வெட்டினால் கண் காய்ந்துவிடும். ஒரு அங்குலம் விட்டால், அந்த மிச்சக் குச்சிக்கு உணவு போகாமல் செத்து, அதுவே கறுப்பு நோய்க்கு வாசலாகும். கண் இருக்கும் பக்கம் உயர்ந்து, எதிர்ப்பக்கம் சரிவாக இருந்தால் தண்ணீர் கண்ணின் மேல் வழியாது.

வெட்டியதும் வெட்டுவாயைப் பாருங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் நெட்டி போன்ற பகுதி வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரமாக இருந்தால் நல்ல தண்டு. காப்பித்தூள் நிறத்தில் வட்டம் தெரிந்தால், வெளிப்பட்டை எவ்வளவு பச்சையாக இருந்தாலும், உள்ளே நோய் இறங்கிவிட்டது. அடுத்த கண்ணுக்கு இறங்குங்கள், மறுபடி பாருங்கள். வெள்ளை தெரியும்வரை இறங்க வேண்டியதுதான், திட்டமிட்ட உயரத்தை அங்கே மறந்துவிடுங்கள்.

பிரிட்டனில் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி, வேலி வெட்டும் இயந்திரத்தால் தாறுமாறாக வெட்டிய செடிகளையும் முறைப்படி வெட்டியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இயந்திரச் செடிகள் பூப்பதில் குறைவில்லை என்று கண்டது. சோம்பேறிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் நம் ஈரப்புழுக்கத்தில் நசுங்கிய நுனியும் நெருக்கமான நடுப்பகுதியும் பூஞ்சைக்கு விருந்து. இங்கே பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

எல்லா வெட்டுவாயிலும் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஒன்றாகச் சேர்த்தால் ஒரு லிட்டர் பசை. இரும்புப் பாத்திரம் ஆகாது. நாலு செடிக்கு இவ்வளவு எதற்கு என்றால், காப்பர் ஆக்சிகுளோரைடு தூள் ஒரு ஸ்பூனைச் சில துளி நீரில் குழைத்துப் பழைய பிரஷ்ஷால் தடவலாம். தண்டில் செதில் பூச்சி இருந்தால் அதைச் சுரண்ட இதுவே நல்ல தருணம். மண்ணெண்ணெய் லேசாக நனைத்த பஞ்சால் தேய்த்தால் வந்துவிடும். வெட்டிய குச்சியையும் கீழே விழுந்த இலையையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். தொட்டியிலேயே மூடாக்காகப் போட்டால், போன வருஷத்து கரும்புள்ளி இந்த வருஷமும் வரும்.

வெட்டிய பிறகு

அன்றே உரம் போட வேண்டாம். இலை குறைந்த செடிக்குத் தண்ணீர்த் தேவையும் குறைவு, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். 10, 12 நாளில் கண்கள் சிவந்து தளிர் அரை அங்குலம் நீளும்போது உரம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரைச்செடிக்குக் கவாத்துக்குப் பின்னும் ஜூலையிலும் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) 6:12:12 கிராம் என்று சொல்கிறது, 10 கிலோ தொழுவுரத்தோடு. கடை உரமாகக் கணக்குப் போட்டால் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம். தொட்டிக்கு இதில் கால்பங்கு போதும். தரையில் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, தொட்டியில் விளிம்பை ஒட்டி, ஈர மண்ணில் போட வேண்டும். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுவதும் நல்லது, பக்கத்து வீட்டார் மூக்கைப் பொறுத்து.

ஒரு கண்ணிலிருந்து இரண்டு மூன்று தளிர் சேர்ந்து கிளம்பினால் ஒன்றை விட்டு மற்றதை விரலால் உதிர்த்துவிடுங்கள். மொட்டு பட்டாணி அளவாகும்போது பக்கத்தில் சிறு மொட்டுகள் வந்தால் அவற்றையும் கிள்ளுங்கள், நடுமொட்டு பெருக்கும். மொட்டே இல்லாமல் வெறும் இலையோடு முடியும் தளிர் சில வரும். வெளிச்சக் குறைவும் குளிரும் இதற்கு முக்கியக் காரணங்கள். பாதிக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துப் பூக்கும்.

என்னென்ன கெடும்

மழைக்காலத்தில் கரும்புள்ளி. ஓரம் பிசிறடித்த கறுப்பு வட்டம், சுற்றி மஞ்சள், பிறகு இலை உதிரும். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் இது தொற்றும். அதனால் மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பது நீங்களே நோயைப் பதியமிடுவதற்குச் சமம். காலையில், வேரில் ஊற்றுங்கள். மழை தொடங்கும்போதே மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் தெளித்தால் காக்கலாம். இலை உதிர்ந்தபின் தெளித்துப் பயனில்லை.

மார்கழி, தையில் இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மாவு தூவினாற்போல் வருவது சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 30 டிகிரி தாண்டும் நாளில் தெளித்தால் இலை தீயும், ஆகவே சாயங்காலம்.

மொட்டு விரியாமல், இதழ் ஓரம் பழுப்பாகி, தளிர் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டிப் பாருங்கள், ஊசிமுனை அளவில் மஞ்சளாக ஓடும். அடிபட்ட மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டரில் கலந்து வாரம் ஒரு முறை. கோடையில் செஞ்சிலந்திக்கு முதல் மருந்து, இலையின் அடிப்பக்கம் காலை வேளையில் பீய்ச்சும் தண்ணீர்தான்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து வேரில் ஏறவில்லை என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வருவது. மண்ணில் இரும்பு போட்டால் அதுவும் முடங்கிவிடும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு கிராம், ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். மழைநீர் பிடித்து ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

ஏப்ரல், மே மாதங்களில் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு இலையும் தண்டுக்குக் குடை. மாடியில் தொட்டியின் பக்கச்சுவர் சுட்டு வேர் வேகும்; தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் தென்னை நார் அடைத்தால் தாங்கும். இந்த மாதங்களில் உதிரும் பூவைக் கழுத்தோடு ஒடித்தால் போதும், இலையைத் தொட வேண்டாம்.

மற்ற மாதங்களில், வாடிய பூவை எடுப்பதும் குவளைக்குப் பூப்பறிப்பதும் கவாத்தின் கணக்கில்தான் வரும். பூவுக்கு நேர் கீழே மூன்று சிற்றிலை கொண்ட இலைகள் இருக்கும். அங்கே வெட்டினால் அடுத்த தளிர் மெலிந்து வரும். கீழே இறங்கி, வெளிப்பக்கம் பார்த்த முதல் ஐந்து சிற்றிலை இலைக்கு மேலே வெட்டுங்கள். குவளைக்கு நீளக் காம்பு வேண்டுமென்று ஆசைப்பட்டாலும், அந்தக் கிளையில் ஐந்து சிற்றிலை இலை குறைந்தது இரண்டு மிச்சம் நிற்க வேண்டும். செடியின் முதல் வருஷத்தில் குட்டைக் காம்போடுதான் பறிக்க வேண்டும். டம்ளரில் வைத்தாலும் மணம் ஒன்றும் குறையாது. வெளியிதழ் ஒன்றோ இரண்டோ பிரிந்த மொட்டாக, வெயில் ஏறும் முன் வெட்டி, உடனே கழுத்தளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுப் பிறகு குவளைக்கு மாற்றினால், டிசம்பர், ஜனவரியில் ஐந்து நாள் வரை நிற்கும்.